ஏழாம் விதி

ஞாயிறுதோறும் காலை எட்டு மணிக்குத் தேரிக்காட்டு மாதிரி விமானக் கழகத்தின் உறுப்பினர்கள் கேட்டில் வரிசையாக நின்றார்கள். சட்டைக்குள் கையை விட்டு, இடது கழுத்தெலும்புக்குக் கீழே விரலால் தட்டிவிட்டு உள்ளே போனார்கள். இரண்டு முறை தட்டி உயிர்க்காவலை அணைக்கவேண்டும்.

உயிர்க்காவல் அரிசி மணியளவு கருவி. குழந்தை பிறந்த மூன்றாம் நாள் தோலுக்கடியில் வைத்துவிடுவார்கள். இதயம் தடுமாறினால் அது நகர மையத்துக்குச் சொல்லும். மூன்று நிமிடத்தில் மருத்துவப் பறவண்டி தலைக்கு மேல் வந்து நிற்கும். ஒருமுறை தட்டினால், விழித்திருக்கிறேன் என்பதுபோல் மெல்ல அதிரும். இரண்டுமுறை தட்டினால் அணைந்துவிடும். அது வந்த பிறகு மாரடைப்பில் யாரும் சாகவில்லை. ஒரு மனிதர் நெஞ்சைப் பிடித்துச் சாய்வதை நேரில் பார்த்தவர் அந்தக் கழகத்தில் ஒருவர்கூட இல்லை.

அணைப்பதற்குக் காரணம் ஏழாம் விதி. பதினோரு வருடம் முன்பு பொன்னுலிங்கத்தின் பெரிய விமானம் நடுவானில் என்ஜின் நின்று கொட்டகைமேல் விழுந்தது. தரையில் நின்று ஓட்டுபவரின் ரேடியோ அலை அரை நொடி கிடைக்காவிட்டால் என்ஜினின் தீப்பொறியைத் தானே நிறுத்திவிடும் சுவிட்ச் ஒன்று இவ்வகை விமானங்களில் உண்டு. கட்டுப்பாடற்ற விமானம் ஊருக்குள் போகக்கூடாது என்பதற்காக. உயிர்க்காவல்களின் அலை குறுக்கிட்டு அந்தச் சுவிட்ச் பொறியை அணைத்துவிட்டது என்று பொன்னுலிங்கம் அறிக்கை கொடுத்தார். பெட்ரோல் என்ஜின்களை அறிந்தவர்கள் அந்த மாவட்டத்திலேயே அவரோடு நான்கு பேர். யாரும் மறுக்கவில்லை. கழகச் செயலாளர் ஞானசிகாமணி அன்று மாலையே பலகையில் சிவப்பு வண்ணத்தில் விதியை எழுதிக் கேட்டில் மாட்டினார்.

ஆளில்லாத சாலையிலும் சிவப்பு விளக்குக்கு நிற்பவர் ஞானசிகாமணி. அந்த விபத்துக்குப் பிறகு ஒவ்வொரு விமானத்திலும் பதிவுக் கருவி வைக்கவேண்டும் என்று கொண்டுவந்தவரும் அவர்தான்.

அவர் இறந்த ஞாயிறன்று காற்று குறைவு. அவருடைய மஞ்சள் விமானம் மூன்று மீட்டர் இறக்கையை விரித்துக் கொல்லாமரங்களுக்கு மேல் வட்டமடித்தது. மாதத்துக்கு ஆளுக்கு அரை லிட்டர்தான் பாசிப்பெட்ரோல். அதனால் பறப்பவரின் விமானத்தை எல்லோரும் பார்ப்பார்கள். ஞானசிகாமணி வெள்ளைக் கோட்டில் தனியாக நின்று ஓட்டினார். மற்ற இருபத்திரண்டு பேரும் அவருக்குப் பின்னால் நின்று அண்ணாந்திருந்தார்கள்.

என்ஜின் நின்றது.

பெட்ரோல் என்ஜின் நிற்பது பெரிய சத்தம் போன்றது. யாரும் கண்ணை எடுக்கவில்லை. விழும் இடத்தைக் குறித்துக்கொள்ளாவிட்டால் தேரி மணலில் தேடிக் கண்டுபிடிக்க ஒரு நாள் ஆகும். விமானம் சரிந்து, திரும்பி, தூரத்து உடைமரங்களுக்குள் இறங்கியது. எல்லோரும் ஓடினார்கள். இளைஞன் சுயம்பு முன்னால் ஓடினான். ஞானசிகாமணியைக் கடந்துதான் ஓடினான். அவர் தரையில் கவிழ்ந்திருப்பது ஓட்டத்தில் கண்ணில் பட்டது. கைதவறிய ரேடியோவை எடுக்கக் குனிந்திருக்கிறார் என்று நினைத்தான்.

ஒன்பது நிமிடம் கழித்து வாலைத் தோளில் வைத்துக்கொண்டு அவனே கத்தியபடி வந்தான். “அண்ணாச்சி, தப்பிச்சாச்சு! வாலு மட்டுந்தான் போச்சு! நாளைக்கே ஒட்டிருவோம்!”

ஞானசிகாமணி பதில் சொல்லவில்லை.

கல்லறைத் தோட்டத்தில் அவர் மனைவி வயலட் அழவில்லை. மண் போட்ட பிறகு பொன்னுலிங்கத்திடம் வந்தாள்.

“அண்ணாச்சி, சனிக்கிழம நீங்கதான அந்த என்ஜினத் தொறந்தீய?”

“ஆமா மதினி. கார்புரேட்டர்ல ஊசி மாத்தினேன்.”

“அது நின்னதப் பாத்துத்தான் அவிய நெஞ்சு நின்னுருக்கு. இருவது வருசமா அவிய பிள்ள அது. வேற பிள்ள எங்களுக்கு ஏது?”

அவர் கையில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டினார்.

“எது மொதல்ல நின்னுச்சுன்னு பாத்துச் சொல்லுங்க. அது தெரியாம எனக்கு ஒறக்கம் வராது.”

உயிர்க்காவல் அணைந்திருந்ததால் இறப்புப் பதிவகத்திடம் அவருடைய கடைசி நிமிடம் இல்லை. நேரம் என்ற கட்டத்தில் ‘அறியப்படவில்லை’ என்று பதிந்திருந்தார்கள். அங்கிருந்த எழுத்தர் அந்தச் சொல்லை முதல்முறையாகப் பயன்படுத்தினார்.

பொன்னுலிங்கம் மஞ்சள் விமானத்தைத் தன் பட்டறைக்குக் கொண்டுபோனார். எல்லாப் பட்டறைகளிலும் இருக்கும் பழுதறிவான் இயந்திரம் அவரிடமும் இருந்தது. அதற்கு மின்மோட்டார்கள் மட்டுமே தெரியும். பெட்ரோல் என்ஜினைக் காட்டினால் ‘பொருள் அடையாளம் காணப்படவில்லை’ என்று சொல்லும். அதன்மேல் துணியைப் போட்டு மூடினார்.

அவருக்கு ஒரு வரிசை உண்டு. முதலில் கை, பிறகு கண், கடைசியில்தான் பதிவுக் கருவி. என்ன நடந்தது என்று கருவி சொல்லும், ஏன் என்று சொல்லாது என்பார். இம்முறை பயமும் சேர்ந்து அந்த வரிசையைக் காத்தது.

விமானத்தின் முன்விசிறியைக் கையால் சுற்றினார். இரண்டு சிலிண்டரும் சமமாக எதிர்த்தன. பிளக்குகளைக் கழற்றினார். முனை வெளுத்திருந்தால் பெட்ரோல் போதவில்லை. கறுத்து நனைந்திருந்தால் அதிகம். இரண்டும் இளம்பழுப்பாக இருந்தன. கார்புரேட்டரின் சவ்வை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். துளையில்லை. சனிக்கிழமை மாற்றிய ஊசி வைத்த இடத்தில் இருந்தது.

டாங்கைத் திறந்தார். உள்ளே பெட்ரோலை உறிஞ்சும் ரப்பர் குழாய். அதைத் தொடுமுன் அவர் கை சற்று நின்றது. பிறகு விரலால் வளைத்துப் பார்த்தார். மிருதுவாக வளைந்தது. ஞானசிகாமணி அதை வருடம் தவறாமல் மாற்றுவார்.

என்ஜினை மேஜையில் திருகாணியால் பொருத்தி விசிறியைத் தட்டிவிட்டார். மூன்றாவது சுற்றில் பிடித்துக்கொண்டது. டாங்கு காலியாகும்வரை ஒரே சுருதியில் ஓடியது. அதை அணைக்க அவருக்கு மனம் வரவில்லை.

பிறகுதான் பதிவுக் கருவியைத் திறந்தார். நொடிக்கு இருநூறு முறை அது எழுதியிருந்தது. சிலிண்டரின் சூடு, விசிறியின் வேகம், ரேடியோவிலிருந்து வந்த ஒவ்வொரு கட்டளையும் இருந்தன. 9 மணி 41 நிமிடம் 17 நொடி வரை இரண்டு கட்டைவிரல்களின் சிறுசிறு திருத்தங்கள். பிறகு ரேடியோவின் குச்சிகள் இரண்டும் நடுவுக்கு வந்து நின்றன. என்ஜின் அதே வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு நொடி அந்த விமானத்தை யாரும் ஓட்டவில்லை. பிறகு ரேடியோ அலை அறுந்தது. அவர் ரேடியோவின்மேல் விழுந்ததில் அதன் பேட்டரி கழன்றிருந்தது. அரை நொடி கழித்துச் சுவிட்ச் பொறியை நிறுத்தியது.

என்ஜின் பழுதாகவில்லை. சொன்னதைச் செய்திருக்கிறது. தன்னை ஓட்டுகிறவர் இல்லை என்று அந்தக் களத்தில் முதலில் தெரிந்துகொண்டது அது.

மறுநாள் வயலட் வீட்டுக்குப் போனார். அவள் கடுங்காப்பி கொடுத்தாள். அவர் தாளில் எழுதிவந்த நேரத்தை இரண்டுமுறை படித்தாள்.

“அப்ப என்ஜின் மொதல்ல நிக்கல.”

“நிக்கல மதினி. அண்ணாச்சிதான் மொதல்ல.”

“அது விழுந்தத அவிய பாக்கல.”

“பாக்கல.”

அவள் தாளை மடித்தாள். “அந்தமட்டுக்குப் போதும். உங்க மேல பழி போட்டுட்டேன். மனசுல வச்சுக்கிடாதீய.”

அவர் டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“நாலு நிமிசத்துக்குள்ள தெரிஞ்சிருந்தா காப்பாத்திருக்கலாம்னு டாக்டரம்மா சொன்னா,” என்றாள் வயலட். “அதுக்கு யாரு என்ன செய்ய முடியும்? எல்லாருக்கும் ஒரே விதி. எல்லாருந்தான அணைச்சு வச்சிருந்தீய. உங்கள்ல யாருக்கு வேணும்னாலும் வந்திருக்கும். அவிய நேரம்.”

“ஆமா மதினி,” என்றார் பொன்னுலிங்கம்.

சனிக்கிழமை மாலை கழகம் கூடியது. ஒரு நிமிடம் எழுந்து நின்றார்கள். பிறகு பொன்னுலிங்கம் தன் ஆய்வைச் சொன்னார். கடைசியில், “ஏழாம் விதிய எடுத்துருவோம்,” என்றார்.

மருந்துக்கடை லிகோரி திரும்பினார். “எடுத்தா விமானம் விழுமே வே. நீருதான அறிக்கை குடுத்தீரு?”

பொன்னுலிங்கம் வாயைத் திறந்தார். அதற்குள் சுயம்பு எழுந்துவிட்டான்.

“விழாது.”

“ஒனக்கு எப்படிலே தெரியும்?”

சுயம்பு கழுத்தெலும்பைத் தொட்டுக் காட்டினான். “நான் ஒரு நாளும் அணைச்சதில்ல. ஒரு தட்டுதான். மத்தவங்க எல்லாம் அணைக்காங்களே, என் ஒருத்தனால என்ன ஆயிரப் போவுதுன்னு நெனச்சேன்.”

யாரோ சிரித்தார்கள். சிரிப்பு பாதியில் நின்றது. லிகோரி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“எம் பொண்டாட்டி சத்தியம் வாங்கிருந்தா,” என்றார். “நானும் அணைக்கல.”

பின்வரிசையில் ஒரு கை எழுந்தது. பிறகு இன்னொன்று. யாரும் எண்ணச் சொல்லவில்லை, எல்லோரும் எண்ணினார்கள். பொன்னுலிங்கத்தின் கையும் உயர்ந்தது. இருபத்திரண்டு.

“அப்ப அணைச்சது யாருவே?” என்று கேட்டுவிட்டு, கேட்டவரே தலையைக் குனிந்துகொண்டார்.

ஜன்னல் வழியே கேட்டும் பலகையும் தெரிந்தன. சிவப்பு எழுத்துகள் சற்று வெளுத்திருந்தன. ஒவ்வொன்றும் ஒரே உயரம்.

லிகோரி சொன்னார். “அவரு கைப்பட எழுதுனது. அதப் போயி எப்படி அழிக்க? இருக்கட்டும். அவரு ஞாபகமா இருக்கட்டும்.”

எல்லோருக்கும் அது சரியென்று பட்டது. ஏழாம் விதிக்கு ஞானசிகாமணி விதி என்று பெயர் வைத்துத் தீர்மானம் நிறைவேறியது. எதிர்ப்பு இல்லை.

பொன்னுலிங்கம் சொல்ல நினைத்தது வேறு. பதினோரு வருடம் முன்பு அறிக்கை கொடுத்த மூன்றாம் நாள், நொறுங்கிய விமானத்தின் டாங்கை அவர் திறந்தார். உள்ளே ரப்பர் குழாய் இறுகிக் கீறியிருந்தது. இரண்டு வருடம் அதை மாற்ற மறந்திருந்தார். பெட்ரோலுக்குப் பதில் காற்றை உறிஞ்சி என்ஜின் நின்றிருக்கிறது. எந்த அலையும் குறுக்கிடவில்லை. அவர் குழாயைக் குப்பையில் போட்டார். பலகையில் வண்ணம் அதற்குள் காய்ந்திருந்தது.

மற்றவர்கள் ஒரு தட்டு தட்டியது தன் ஒருவனால் ஒன்றும் ஆகாது என்று நம்பி. அவர் தட்டியது உண்மை தெரிந்து.

ஞாயிறு காலை எட்டு மணிக்குக் கேட்டில் வரிசை நின்றது. பலகைக்கு யாரோ மாலை போட்டிருந்தார்கள். ஒவ்வொருவராகச் சட்டைக்குள் கையை விட்டு, ஒருமுறை தட்டி, அதிர்வை உணர்ந்து, உள்ளே போனார்கள்.

பொன்னுலிங்கத்தின் முறை வந்தது. அவர் பலகையைப் பார்த்தார். இரண்டு முறை தட்டினார். பதினோரு வருடத்தில் முதல்முறை. உண்மையைச் சொல்வதைவிட அது சுலபமாக இருந்தது.

பின்னால் நின்ற சுயம்பு அதைக் கவனிக்கவில்லை. களத்திலிருந்து ஒரு விமானம் எழும்பியிருந்தது. அவன் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தான்.