கண் தேடும் கட்டம்

ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்கு அனுசுயா தன் ஸ்டுடியோவுக்கு மாடியேறினாள். தோளில் பழைய லென்ஸ்கள் இருந்த பை. கையில் முந்தின நாள் கூரியரில் வந்த புதுக் கேமரா.

மற்ற நாட்களில் பெருமாநல்லூரின் அந்தச் சந்தில் பக்கத்தில் நிற்பவர் பேசினாலும் காதில் விழாது. இரண்டு பக்கமும் பனியன் துணி பின்னும் நிட்டிங் மெஷின்கள் ஓடும். தரை அதிரும், ஸ்டாண்டு அதிரும், எடுக்கிற படமும் அதிரும். ஞாயிறு ஒரு நாள்தான் எல்லாம் நிற்கும். துணியின் ஒவ்வொரு பின்னல் கண்ணியும் தெளிவாகத் தெரிய வேண்டும் என்று துணி வாங்கும் வெளிநாட்டு பயர் கறாராகச் சொல்லிவிட்டதால்தான் இந்தப் புதுக் கேமராவே. முப்பத்தாறு டி-ஷர்ட்டுகளின் படம் புதன்கிழமைக்குள் போக வேண்டும். போகாவிட்டால் வேலை வேறு ஆளுக்குப் போய்விடும்.

புது லென்ஸ் வாங்கத் தேவையில்லை என்று காங்கேயத்தில் கல்யாணப் படம் எடுக்கும் ராஜவேல் சொல்லியிருந்தான். "நடுவுல ஒரு அடாப்டர் வளையம் மாட்டுனா போதுமுங்க்கா. உங்க பழைய லென்ஸ் எல்லாமே வேலை செய்யும். நான் ஒரு வருஷமா அப்படித்தான் எடுத்துட்டு இருக்கேன்."

அனுசுயா அருப்புக்கோட்டையிலிருந்து பத்தொன்பது வயதில் பனியனில் பிசிறு பார்க்கும் செக்கிங் வேலைக்கு வந்தவள். பிறகு படமெடுக்கக் கற்றுக்கொண்டு, நான்கு வருடங்களுக்கு முன் இந்த மாடியை வாடகைக்குப் பிடித்தாள். கீழ்வீட்டில் இருக்கும் தங்கவேலு ஒரு காலத்தில் இங்கே பனியன் யூனிட் நடத்தினார். நீளமான ஒரே அறை, நடுவில் தடிமனான தூண். வெளிச்சம் வராமலிருக்க ஜன்னல்களுக்குக் கறுப்புத் துணி அடித்திருந்தாள். வெளியே வெயில் கொளுத்தினாலும் உள்ளே பகல் தெரியாது.

கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். தலையில்லாத பொம்மைக்கு முதல் டி-ஷர்ட்டை மாட்டி, விளக்குகளைப் போட்டு, கேமராவில் அடாப்டரையும் அதன்மேல் தன் பழைய நூறு எம்.எம். லென்ஸையும் பொருத்தினாள். இந்த லென்ஸின் மேல்பக்கம் ஒரு சின்னக் கண்ணாடி ஜன்னல் உண்டு. லென்ஸ் எத்தனை மீட்டர் தூரத்தைப் பார்க்கிறது என்பதை அதனுள் நகரும் எண்கள் காட்டும்.

கேமராவை உயிர்ப்பித்தாள். லென்ஸ் மெல்ல உறுமியது. திரையில் டி-ஷர்ட் பளிச்சென்று வந்து நின்றது. ஜன்னலில் ஒன்றரை மீட்டர்.

பிறகு லென்ஸ் மறுபடியும் உறுமியது.

டி-ஷர்ட் மங்கியது. எண்கள் நகர்ந்து மூன்றைத் தாண்டி நின்றன. திரையின் ஓரத்தில், பின்னாலிருந்த தூணருகே, ஒரு சின்ன வெள்ளைக் கட்டம் தோன்றியது.

பழைய கேமராவில் இது கிடையாது. அது அவள் காட்டிய இடத்தைப் பார்க்கும், அவ்வளவுதான். இந்தப் புதுக் கேமரா மனித முகத்தைத் தானாகத் தேடும். முகத்தில் கண்ணைக் கண்டுபிடித்து, அதன்மேல் கட்டம் போடும்.

தூணருகே முகம் எதுவும் இல்லை. காரை உதிர்ந்த சுவர் மட்டும் இருந்தது.

ராஜவேலுக்கு போன் செய்தாள்.

"பழைய லென்ஸ்தானுங்களே, கொஞ்சம் தடுமாறும்" என்று சிரித்தான். "சுவத்துக் கறையப் பாத்து மூஞ்சின்னு நெனச்சிருக்கும். லென்ஸ மாத்திப் பாருங்க்கா. அப்பவும் வந்தா கண்ணத் தேடறத ஆஃப் பண்ணிடுங்க."

ஐம்பது எம்.எம். லென்ஸை மாட்டினாள். கட்டம் அதே இடத்துக்குப் போனது. கறைதான் காரணம் என்று தேற்றிக்கொண்டு, ஒரு கறுப்புத் துணியை எடுத்துப் போய்த் தூணையும் சுவரையும் சேர்த்து மூடினாள். திரும்பி வந்து நூறு எம்.எம்.மையே மறுபடி மாட்டினாள்.

துணி கறுப்பாக, வெறுமையாகத் தொங்கியது.

கட்டம் துணிக்கு முன்னால் நின்றது.

அவள் இடுப்பளவு உயரத்தில் இருந்தது அது. யாரோ தூணில் சாய்ந்து, தரையில் உட்கார்ந்திருந்து, இப்போது எழுந்துகொண்டிருப்பது போல மெல்ல மேலேறியது. அவளுடைய கண் மட்டத்துக்கு வந்ததும் நின்றது.

இத்தனை வருடமும் மதியச் சாப்பாட்டை அந்தத் தூணடியில் உட்கார்ந்துதான் சாப்பிட்டிருக்கிறாள். களைப்பில் அங்கேயே பாயை விரித்துத் தூங்கியும் இருக்கிறாள்.

கண் தேடுவதை ஆஃப் செய்யக் கையை நீட்டினாள். விரல் பட்டனைத் தொடும் முன்பு லென்ஸ் உறுமியது.

லென்ஸ் ஜன்னலில் மூன்று.

அறையில் ஒரு வாடை எழுந்தது. பூட்டிய இடத்தில் நாள்பட வியர்வையில் ஊறிக் கிடந்த பருத்தித் துணியின் புளித்த வாடை.

இரண்டு.

நிமிர்ந்து பார்த்தாள். பொம்மை, விளக்கு, வெறும் தரை. திரையில் மட்டும் கட்டம் பெரிதாகிக்கொண்டு வந்தது.

ஒன்று.

"யாரு?" என்றாள்.

அரை.

இனி கிட்டே வர இடமில்லை என்ற அளவில் எண்கள் முட்டி நின்றன. கட்டம் திரை முழுவதையும் அடைத்தது. அனுசுயாவின் கன்னத்தில் சூடான மூச்சுப் பட்டது. தாகத்தில் காய்ந்துபோன வாயிலிருந்து வரும் மூச்சு.

பிறகு கட்டம் மறைந்தது.

அவளைக் கடந்து போய்விட்டது.

அவளுக்குப் பின்னால், சாத்திய கதவில், தட்டும் சத்தம் கேட்டது. மூன்று தட்டு. கொஞ்சம் இடைவெளி. மறுபடி மூன்று. தட்டுவதற்குத் தெம்பில்லாத கை.

சத்தம் அறைக்கு உள்ளிருந்து வந்தது.

வெளியே போக வேறு வழி கிடையாது. அனுசுயா சுவரை ஒட்டிக்கொண்டு கதவுவரை போனாள். தட்டுகிற அதிர்வு தாழ்ப்பாளில் இருந்தது. அவள் விரலில் ஏறியது. கண்ணை இறுக மூடிக்கொண்டு தாழ்ப்பாளை இழுத்தாள்.

தட்டல் நின்றது. அவள் தோளை உரசிக்கொண்டு ஏதோ ஒன்று அவளுக்கு முன்னால் வெளியே போனது.

எப்படிப் படியிறங்கினாள் என்பது அவளுக்கு ஞாபகமில்லை. தங்கவேலு வாசலில் நாற்காலி போட்டுப் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க அம்மிணி, இப்படி வேர்த்துக் கொட்டுது? உக்காருங்க, தண்ணி கொண்டாரச் சொல்றேன்."

அவள் வாசற்படியில் உட்கார்ந்தாள். "மேல யாரோ இருக்காகண்ணே. தூண் பக்கத்துல."

கையிலிருந்த பேப்பர் மடியில் விழுந்தது. தூணா என்று அவர் கேட்கவில்லை. யார் என்றும் கேட்கவில்லை.

"கதவச் சாத்திட்டு வந்தீங்களா?"

"இல்லண்ணே. தெறந்தபடிக்கே ஓடி வந்துட்டேன்."

தங்கவேலு மாடிப்படியைப் பார்த்தார். பிறகு காலி வாசலைப் பார்த்தார்.

"பூங்குழலின்னு ஒரு புள்ளைங்க" என்றார். "உசிலம்பட்டிப் பக்கம். செக்கிங்ல இருந்துச்சு. ஒரு சனிக்கெழம எல்லாரையும் அனுப்பிட்டுப் பூட்டுனனுங்க. அது தூணுக்குப் பின்னால அசந்து தூங்கிட்டு இருந்திருக்குது, நான் பாக்கல. செல்போனக் கீழ வாங்கி வெச்சுட்டுத்தான் மேல அனுப்புவோம். நான் ஊட்டு ஆளுங்களோட ஒடுமலப்பேட்டைக்கு ஒரு கல்யாணத்துக்குப் போயிட்டேன், திங்கக்கெழமையும் யூனிட்டுக்கு லீவு விட்டிருந்தனுங்க. ஞாயித்துக்கெழம சந்துல ஈ காக்கா இருக்காது, உங்களுக்கே தெரியுமுங்களே. சித்திர வெயிலு. தகரக் கூரை அப்ப."

"எப்பண்ணே தெறந்தீக?"

"செவ்வாக்கெழம."

அனுசுயா எழுந்தாள்.

"டாக்டர்கிட்ட நெஞ்சுவலின்னு எழுதி வாங்கிட்டமுங்க" என்றார் அவள் முகத்தைப் பார்க்காமல். "எல்லாத்தையும் நான்தான் முடிச்சேன். ஒம்பது வருஷமாச்சு. தட்டற சத்தம் எனக்குக் கீழ கேக்குமுங்க. ஞாயித்துக்கெழமைல. நீங்க குடிவந்தா அடங்கும்னு நெனச்சுத்தான்…"

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லணும்னு தோணலையாக்கும் உங்களுக்கு?"

மேலே, திறந்து கிடந்த கதவு காற்றில் ஒருமுறை அடித்துக்கொண்டது. தங்கவேலு பூட்டை எடுத்துக்கொண்டு எழுந்தார். நாலு படி ஏறினார். ஐந்தாவது படியில் நின்று, பூட்டைப் பார்த்துவிட்டு, அப்படியே உட்கார்ந்துகொண்டார்.

மறுநாள் ராஜவேல் வந்து கேமராவையும் விளக்குகளையும் பொம்மையையும் டி-ஷர்ட்டுகளையும் இறக்கிக் காங்கேயத்துக்குக் கொண்டுபோனான். அனுசுயா சந்துமுனையிலேயே நின்றுகொண்டாள். அவனுடைய ஸ்டுடியோவில் பெரிய ஜன்னல்கள் இருந்தன. பக்கத்து எண்ணெய்ச் செக்கிலிருந்து தேங்காய் வாசம் வந்தது. வாசலில் ஆட்கள் பேசிக்கொண்டு போனார்கள்.

"கண்ணத் தேடறத மொதல்ல நீயே ஆஃப் பண்ணிக் குடு தம்பி" என்றாள்.

அவன் செய்து கொடுத்தான். கேமரா பழையது போல அவள் காட்டிய இடத்தை மட்டும் பார்த்தது. இரண்டு நாளில் முப்பத்தாறு டி-ஷர்ட்டும் முடிந்தன. ஒவ்வொரு படத்தையும் பெரிதாக்கி, மூலை மூலையாகத் தேடினாள். கண்ணி கண்ணியாகத் துணி தெரிந்தது. வெள்ளைப் பின்னணி சுத்தமாக இருந்தது. வேறு எதுவும் இல்லை. அனுப்பிவிட்டு, மூன்று நாளில் முதல்முறையாக ஒரு கவளம் சோறு உண்டாள்.

வியாழக்கிழமை காலை எக்ஸ்போர்ட் கம்பெனியில் ஆர்டரைக் கவனிக்கும் மெர்ச்சன்டைசர் ஆரோக்கியராஜ் கூப்பிட்டான். தூத்துக்குடிக்காரன்.

"படம் அருமையா வந்துருக்குக்கா. பயர் ரொம்பச் சந்தோஷம். ஒரே ஒரு சிக்கல். மாடல் வேண்டாம்னுதான நாம பேசியிருந்தோம்?"

"மாடல் வைக்கலையே ஆரோக்கியம். பொம்மைலதான மாட்டி எடுத்தேன்?"

"எனக்கும் துணிதான்க்கா தெரியுது. ஆனா படத்த ஏத்துனதும் அவங்க கம்ப்யூட்டரு தானாப் பாத்துப் பிரிக்கும்லா? அது முப்பத்தாறையும் திருப்பி அனுப்பிட்டுக்கா. படத்துல ஆள் இருக்கு, அவங்க சம்மதக் கையெழுத்து வேணும்னு வருது."

ராஜவேலின் ஸ்டுடியோ ஜன்னல்களில் காலை வெயில் விழுந்துகொண்டிருந்தது.

"என்ன போட்டிருக்கு? அப்படியே வாசி."

"ஆள் ஒண்ணு. பெண். கண் திறந்திருக்கு. எல்லாத்துலயும் இதேதாங்க்கா." மவுஸை உருட்டும் சத்தம் கேட்டது. "முகபாவம்னு ஒரு இடம் இருக்கு. எல்லாத்துலயும் காலி. இருங்க… கடைசிப் படத்துல மட்டும் எழுதியிருக்கு."

"என்னன்னு?"

"சிரிக்கிறார்."