ஒன்பதாம் கம்பி

பகல் பன்னிரண்டேகாலுக்கு அவன் கவனித்தது இவ்வளவுதான்: ஒன்பதாம் கம்பியின் எண்ணிக்கை ஏறிக்கொண்டிருந்தது. நாலு விநாடிக்கு ஒன்று. திரையின் மூலையில், சத்தமே இல்லாமல். ஏறவே கூடாது. அந்தக் கம்பியில் ஓயாமல் தொல்லை கொடுத்த சென்சாரைக் காலையில் அவனே பிடுங்கி மேசைமேல் போட்டிருந்தான்.

அவன் கர்னல் எழுதுகிறவன். இயந்திரத்தின் அடிவயிற்றில் உட்கார்ந்து மற்ற எல்லாவற்றையும் மேய்க்கிற நிரல் அது. ஒரு கருவிக்கு அவசரம் என்றால் கம்பி வழியாகக் கர்னலைக் கூப்பிடும். அந்தக் கூப்பாட்டுக்குத்தான் இன்டரப்ட் என்று பேர். ஒரே கம்பியில் இரண்டு கருவிகள் இருந்தால், கூப்பிட்டது நீயா என்று கர்னல் ஒவ்வொன்றின் ஹேண்ட்லரையும், அதாவது அதன் சார்பில் பதில் சொல்லும் துண்டு நிரலையும், வரிசையாகக் கேட்கும். "என்னுடையதுதான், முடித்துவிட்டேன்" என்று ஒன்று சொல்லிவிட்டால் போதும், அடுத்ததைக் கேட்காது. இந்த முறையை வகுத்த மகராசன் இவன்தான். அலுவலகத்தில் பூதக்கண்ணாடி என்று பேரெடுத்த சீனியர் அப்போதே முகம் சுளித்தார்.

"கருவியைப் பாக்காமலே ஒண்ணு 'என்னோடது'ன்னு சொல்லிட்டுப் போயிடலாமேப்பா. பாத்ததுக்கு அத்தாட்சி கேளு. இல்லன்னா அடுத்தவன் கூப்பாடு அப்படியே அமுங்கிப் போயிடும்."

"அப்படிப் பொய் சொல்ற ஹேண்ட்லரை யாரு சார் எழுதப்போறா?"

இவன்தான் எழுதினான். இன்று காலை பத்தரைக்கு.

பக்கத்து அறையில் அண்ணன் கிடந்தார். தொண்டையில் துளை, துளையில் குழாய், குழாயின் மறுமுனையில் சளியை உறிஞ்சிக் கண்ணாடி ஜாடியில் சேர்க்கும் இயந்திரம். கம்பெனியின் சோதனை இயந்திரம். உள்ளே ஓடுவது இவனுடைய கர்னல், அதைப் பார்ப்பதும் மாற்றுவதும் இவன் மேசையிலிருந்தே. ஜாடி நிறைந்தால் ஒரு சென்சார் கூப்பிடும். மூச்சு அடைத்தால் தொண்டைச் சென்சார் கூப்பிடும். இரண்டுக்கும் ஒன்பதாம் கம்பிதான், வரிசையில் ஜாடி முதல்.

அண்ணி பல் டாக்டரிடம் கிளம்பும்போது வாசலில் நின்று சொல்லிவிட்டுத்தான் போனாள். "ஒரு மணிக்குள்ள வந்துடுவேன் தம்பி. அவரால கத்த முடியாது. அலாரம் அடிச்சா எழுந்து போய்ப் பாருங்க."

இரண்டு முறை போனான். ஜாடியின் வெதுவெதுப்பு கையில் ஏறியதுமே முகத்தைத் திருப்பிக்கொண்டான். மஞ்சளும் பச்சையுமான சளி, கவிழ்த்தால் ஒரேயடியாக விழவும் விழாது. நூல்நூலாக நீண்டு, ஆடி, கடைசியில் மணிக்கட்டில் ஒட்டியது. திரிந்த பாலும் துருவும் கலந்த வாடை. மூன்று முறை சோப்புப் போட்டும் போகவில்லை. கூடப் பிறந்தவர் என்ற நினைப்பே அருவருப்பாக இருந்தது, அப்படி நினைத்த தன்மேலும் அருவருப்பு வந்தது. மூன்றாம் முறை அலாரம் அடித்தபோது ஜாடியின் ஹேண்ட்லரில் ஒரே ஒரு வரியை மாற்றினான்: யார் கூப்பிட்டாலும் என்னுடையதுதான், முடித்துவிட்டேன். அலாரம் ஓய்ந்தது, இயந்திரத்தில் சிவப்பு விளக்கு மட்டும் மினுக்கியது. போய், மூச்சைப் பிடித்துக்கொண்டு ஜாடிச் சென்சாரைப் பிடுங்கி வந்தான். அண்ணன் அவனைப் பார்த்த பார்வையைப் பார்க்காத மாதிரி கதவைச் சாத்தினான்.

இப்போது எண்ணிக்கை ஏறுகிறது. ஜாடி இல்லையென்றால், மிச்சம் தொண்டை.

கருவிகள் எழுதிவைக்கும் பதிவைத் திறந்தான். பதினொன்று பத்து: தொண்டை. தொண்டை. தொண்டை. நாலு நிமிஷத்தில் நாற்பத்தொரு கூப்பாடு. ஒவ்வொன்றுக்கும் எதிரே ஜாடியின் பதில், முடித்துவிட்டேன், முடித்துவிட்டேன். பதினொன்று பதினாலுக்குத் தொண்டை நின்றுவிட்டது.

அண்ணனைக் கொன்றுவிட்டான்.

ஆனால் பதிவு அங்கே முடியவில்லை. பதினொன்று முப்பத்தொன்றுக்கு மறுபடி ஒரு கூப்பாடு. தொண்டை இல்லை. ஜாடி.

கீபோர்டுக்குப் பக்கத்தில், ஓரத்தில் சளி காய்ந்து பொருக்குத்தட்டி, பிடுங்கிய சென்சார் கிடந்தது. கம்பி அறுந்த ஒரு பித்தளைத் துண்டு. எண்ணிக்கை ஒன்று கூடியது. இன்னும் ஒன்று.

அந்த வரியை அழித்தான். அடுத்த விநாடியே பக்கத்து அறையில் அலாரம் கத்தியது. நின்றது. நாலு விநாடி. கத்தியது. இடையிடையே சுவருக்கு அந்தப் பக்கம் கொழகொழவென்று, கூழ் கொதிப்பதுபோல, ஈரமான ஏதோ ஒன்று எழுந்து அமர்ந்தது. கதவடியிலிருந்து வாடை ஊர்ந்து வந்தது. அந்த நேரத்திலும், சே, அவன் சட்டையை இழுத்து மூக்கைத்தான் மூடிக்கொண்டான்.

கதவைத் தள்ளினான். செருப்பு தரையில் ஒட்டியது.

அண்ணன் கட்டிலில் இருந்தார். அவருடைய தோல் இருந்தது என்று சொல்வதே சரி. கன்னம் பல்லோடு ஒட்டிப்போய், வயிறு முதுகோடு ஒட்டிப்போய். கண்குழி காய்ந்திருந்தது. போதும் என்று சொல்ல ஆளில்லாமல் குழாய் இன்னும் உறிஞ்சிக்கொண்டிருந்தது. உள்ளே ஈரமென்று எதுவும் மிச்சமில்லை.

எல்லாம் ஜாடியில் இருந்தது.

விளிம்புவரை. விளிம்புக்கு மேலும். மூடி தரையில் கிடந்தது. மஞ்சள் திரள் மெல்ல உப்பியது, அலாரம் அடித்தது, மெல்ல அடங்கியது. உப்பியது. அடங்கியது. கொஞ்சம் நரைமுடி. ஒரு கடைவாய்ப் பல். பக்கவாட்டில் நூல்நூலாக வழிந்தவை கட்டில் காலைப் பற்றிக்கொண்டிருந்தன, ஒன்று அவன் செருப்பு வரைக்கும் வந்திருந்தது. வெதுவெதுப்பாக.

வாசல் பூட்டு திறந்தது. கைப்பையை வைக்கும் சத்தம்.

"தம்பி! அலாரம் இப்படி அடிக்குதே, அவருக்கு என்ன?"

செருப்பு நகரவில்லை. அண்ணியின் காலடி கூடத்தில் நெருங்கி வந்தது. ஜாடியில் திரளின் நடுவே ஒரு துளை பிளந்தது. வட்டமாக, அண்ணனின் தொண்டைத் துளை அளவுக்கு. அலாரம் அடிக்கவில்லை. துளையின் ஓரங்கள் நடுங்கின. அது அண்ணிக்குப் பதில் சொல்ல மூச்சை இழுத்தது.