சரி பிள்ளை, நான் வாறன்

கேட்டால்தான் சின்ன மிஸ் வாய் திறக்கும். தானாக ஒருவரையும் ஒன்றும் விசாரிக்காது. அப்படித்தான் அதைச் செய்துவைத்திருந்தார்கள். ஆனால் அந்த வெள்ளிக்கிழமை பின்னேரம், பேராதனைக் கம்பஸ் கூரையில் மழை இரைந்து கொட்ட, ஈரக் குடைகளின் வாடையும் பழைய விடைத்தாள் கட்டுகளின் தூசியும் மூக்கை அடைக்கும் விரிவுரையாளர் அறையில் உட்கார்ந்து, மாணவர்கள் அந்தக் கிழமை அதோடு பேசியவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்த றஞ்சனா, ஆஸிகாவின் பக்கத்தில் அது இப்படி ஒரு வரி கேட்டிருக்கக் கண்டாள்.

"வீட்டிலை ஆர் இருக்கினம், பிள்ளை?"

புள்ளிவிபரப் பாடத்து நியம விலகலுக்கும் வீட்டில் இருக்கிறவர்களுக்கும் என்ன சம்பந்தம்? அவளுக்கு முதலில் எரிச்சல்தான் வந்தது.

தை மாதம் தைரொயிட் கட்டியை வெட்டி எடுத்தபோது அவளுடைய குரலும் சேர்ந்து போய்விட்டது. மூன்று மாதத்தில் வந்துவிடும் என்றார் டொக்டர். ஐப்பசி பிறந்தும் தொண்டையிலிருந்து காற்றும் கரகரப்பும்தான் வருகின்றன. புள்ளிவிபரவியல் வகுப்பு நின்றுபோகக் கூடாதே என்று, போதனாசிரியர் அஸ்ஃபர் அவளுடைய மூன்று வருட விரிவுரை ஒலிப்பதிவுகளைச் செயற்கை நுண்ணறிவுக்குக் கொடுத்து, அவளுடைய குரலிலேயே பேசவும் எழுதவும் செய்கிற ஒன்றை உண்டாக்கினான். பிள்ளைகள் அதற்குச் சின்ன மிஸ் என்று பெயர் வைத்துவிட்டார்கள். சும்மா சொல்லக்கூடாது, வடிவாகத்தான் படிப்பித்தது. அந்த யாழ்ப்பாணப் பேச்சு, இடையில் வருகிற செருமல், எல்லாம் அச்சொட்டாக அவள்தான். அதைக் கேட்கிறபோதெல்லாம் றஞ்சனாவுக்குப் பொறாமையாக இருந்தது. சொந்தக் குரலின் மேலேயே பொறாமைப்படுகிற பிறவி உலகத்தில் வேறு யார் இருக்கப் போகிறார்கள்!

அவள் மேலே போய் வாசித்தாள். ஆஸிகா கம்பளைப் பிள்ளை, இரண்டாம் வருடம். திங்கட்கிழமை மறுபரீட்சை, இதையும் விட்டால் படிப்பே போய்விடும்.

"எனக்கு ஒண்ணுமே விளங்கல மிஸ். நீங்க பக்கத்துல இருந்து சொல்லித் தந்தாத்தான் விளங்கும்."

"வீடு எங்கை, பிள்ளை?"

"கம்பளைல மிஸ். ஸ்டேஷன் தாண்டி, மில் ஒழுங்கைல கடைசி வீடு. நீல கேட்."

"வீட்டிலை ஆர் இருக்கினம், பிள்ளை?"

"யாரும் இல்ல மிஸ். உம்மாவும் வாப்பாவும் அக்குறணைக்குக் கலியாண வீட்டுக்குப் போயிருக்காங்க."

"சரி பிள்ளை, நான் வாறன்."

நான்கு பத்துக்கு எழுதப்பட்டிருந்தது. இப்போது நான்கு நாற்பது.

தேத்தண்ணியோடு வந்த அஸ்ஃபருக்கு அவள் திரையைக் காட்டினாள். அவன் சிரித்தான்.

"அது குட்பை சொல்லுது மிஸ். நீங்களும் கிளாஸ் முடிய அப்படித்தானே சொல்லுவீங்க, சரி பிள்ளையள் நான் வாறன் எண்டு. அதைத்தான் புடிச்சிருக்கு."

உண்மைதான். புறப்படுகிற எவரும் போகிறேன் என்று சொல்வதில்லை, வருகிறேன் என்றுதான் சொல்வார்கள். மூன்று வருடமாக ஒவ்வொரு விரிவுரையையும் அந்த ஒரு சொல்லில்தான் அவள் முடித்திருக்கிறாள். அதற்கு யார் போய்ச் சொல்லிக்கொடுத்தார்கள், அது விடைபெறுகிற சொல் என்று? சொல்லை மட்டும் கொடுத்துவிட்டார்கள்.

திரையில் புதிதாக ஒரு வரி வந்தது.

"பேராதனைச் சந்தி தாண்டிட்டன்."

அஸ்ஃபரின் சிரிப்பு நின்றது. கோப்பையை வைத்துவிட்டு விசைப்பலகையை இழுத்து, எதையெதையோ தட்டினான். "நிப்பாட்டிட்டேன் மிஸ். முழுசா நிப்பாட்டிட்டேன்" என்றான். அதற்குப் பிறகுதான் அடுத்தது வந்தது.

"கெலிஓயா. நல்ல மழை பிள்ளை."

கம்பளை றோட்டில் அடுத்து வருகிற ஊர். எந்த விரிவுரையிலும் கெலிஓயா என்ற பெயரை அவள் சொன்னதேயில்லை.

ஆஸிகாவுக்குப் போன் எடுத்தாள். மணி அடித்தது, "ஹலோ" என்றது பிள்ளை. கதவைத் திறக்காதே என்று சொல்ல றஞ்சனா வாயைத் திறந்தாள். காய்ந்த தொண்டையில் காற்று உரசியது. "யாரு? யாரு பேசுறது?" பயந்த குரல். பிள்ளை போனை வைத்துவிட்டது. அஸ்ஃபர் தன் போனிலிருந்து எடுத்தபோது லைன் கிடைக்கவில்லை. திறக்காதையுங்கோ, நான் றஞ்சனா மிஸ் என்று அனுப்பிய செய்தி போய்ச் சேரவில்லை.

"நீங்க கம்பளைக்குப் போங்க மிஸ், நான் போன் எடுத்துக்கிட்டே இருக்கேன்."

ஓட்டோவுக்குள் ஈர ரெக்சீன் மணமும் பெற்றோல் மணமும். பக்கப் படங்கு படபடவென்று அடிக்க, வைப்பர் கண்ணாடியைக் கீறிக் கீறிப் போக, லொறிகளின் வெளிச்சம் முகத்தில் அடித்து விலக, அவள் ஆஸிகாவின் பக்கத்தைத் திறந்துவைத்த போனை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, கெதியாப் போங்கோ கெதியாப் போங்கோ என்று சாரதியின் முதுகுக்குச் சத்தமில்லாமல் சொல்லிக்கொண்டிருந்தாள். அவன் ஒருதரம் கண்ணாடியில் அவளைப் பார்த்தான். பிறகு பார்க்கவில்லை.

"வெலிகல்ல."

அவள் அப்போதுதான் கெலிஓயாவைத் தாண்டிக்கொண்டிருந்தாள். ஐயோ, எட்டிப் பிடிக்க முடியாது. முன்னால் வேறு ஓட்டோ இல்லை. பஸ் இல்லை. வெறும் றோட்டும் மழையும்தான்.

"ஸ்டேஷன்."

"நீல கேட்."

அதன் பிறகு ஒன்றும் வரவில்லை. ஒன்றும் வராததைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

கம்பளையில் கரண்ட் இல்லை. மில் ஒழுங்கை வாயிலில் இறங்கி, சேலைக் கரை சேற்றில் இழுபட ஓடினாள். ஐந்தரை மணிதான், ஆனாலும் இருட்டிவிட்டது. கடைசி வீடு. கேட் திறந்து கிடந்தது. முற்றத்துச் சேற்றில் காலடி எதுவும் இல்லை.

ஜன்னல் சீலைக்குப் பின்னால் சார்ஜ் லாம்பின் வெள்ளை வெளிச்சம். அங்கேயிருந்து ஒரு குரல் கேட்டது. தெளிவான குரல். ஒன்பது மாதமாக அவள் தொலைத்துவிட்டுத் தேடுகிற குரல்.

"இப்ப இந்தச் சமன்பாட்டை வடிவாப் பாருங்கோ, பிள்ளை."

கதவில் அடித்தாள். இரண்டு கையாலும்.

உள்ளே பேச்சு நின்றது.

"யாரு?" ஆஸிகா.

நான்தான். நான்தான் பிள்ளை. காற்று. கரகரப்பு. வேறொன்றும் வரவில்லை.

"மிஸ், வெளியில யாரோ... மூச்சு வாங்குற மாதிரி..."

"திறவாதையுங்கோ பிள்ளை. அது நான் இல்லை."

றஞ்சனா ஜன்னலுக்கு ஓடினாள். கண்ணாடியில் அடித்தாள். சீலை விலகியது.

ஆஸிகாவின் முகம். பதினெட்டு அங்குலம்கூட இல்லை நடுவில். பிள்ளை அவளைப் பார்த்தது. நனைந்த தலை, தழும்பு ஓடிய கழுத்து, அசைகிற வாய். கண்கள் விரிந்தன. அடையாளம் கண்டுவிட்டது. மெல்லத் திரும்பி, தனக்குப் பின்னால் கதிரையில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தது.

மறுபடி ஜன்னல் பக்கம் திரும்பியபோது பிள்ளையின் வாய் அகலத் திறந்திருந்தது. கழுத்து நரம்புகள் புடைத்து நின்றன. கத்துகிறது, உயிர்போகக் கத்துகிறது.

சத்தம் வரவில்லை. மூச்சு மட்டும் கண்ணாடியில் புகையாகப் படிந்தது.

உள்ளே லாம்பு வெளிச்சம் எட்டாத இருட்டிலிருந்து, ஆஸிகாவின் குரலிலேயே, பணிவாகப் பதில் வந்தது.

"சரி மிஸ். நான் திறக்க மாட்டேன்."