நான்காவது வரிசை

ஜூலிக்கு அன்று காலையிலிருந்தே எரிச்சல் எரிச்சலாக வந்தது.

அது 2022ஆம் ஆண்டு. நாட்டில் எதை எடுத்தாலும் வரிசை. கொழும்பில் ஜனாதிபதியை வீட்டுக்குப் போகச் சொல்லிச் சனம் தெருவில் இறங்கியிருந்தது. மட்டக்களப்பு வாவிக்கரையிலோ சமையல் காஸைக் கண்ணால் கண்டே ஒரு மாதம் ஆகியிருந்தது. ஜூலியின் அப்பா பேர்னாட் தன் ஓட்டோவோடு இரண்டு நாளாகப் பெற்றோல் வரிசையில் கிடந்தார். அம்மா கேதீஸ்வரியின் மடியில் தம்பி பிறின்ஸ். பிறந்து இருபதே நாள். அவனைக் குளிப்பாட்ட வெந்நீர் வேண்டும். அடுப்பிலோ ஒரு சொட்டு மண்ணெண்ணெய் இல்லை.

பதினொரு வயது ஜூலி பிளாஸ்டிக் கானைத் தூக்கிக்கொண்டு மண்ணெண்ணெய் வாங்க உதயரூபன் கடைக்குப் போனாள்.

அங்கே ஒரு புதுக்கூத்து. முதல் நாள் வரிசையில் சண்டை மூண்டதாம். அதனால் உதயரூபன் ஆட்களை மூன்றாகப் பிரித்துவிட்டார். தமிழருக்கு ஒரு வரிசை, முஸ்லிம்களுக்கு ஒரு வரிசை, போர்த்துக்கேயர் வழிவந்த பறங்கியருக்கு ஒரு வரிசை. ஒன்பது மணிக்குக் கடை திறந்ததும், வரிசைக்கு ஒருவராக மாறி மாறி ஊற்றுவாராம். என்ன மூளையோ!

ஜூலி தமிழ் வரிசையில் போய் நின்றாள். முன்னால் நின்ற கண்ணகை அக்கா திரும்பிப் பார்த்தார்.

"இஞ்ச என்னகா செய்றாய்? உன்ட அப்பா பறங்கிதானே. அங்கால போ!"

அங்கால போனாள். பறங்கியர் வரிசையில் நின்ற லூர்து மாமா கையை விரித்து மறித்தார்.

"உன்ட அம்மா தமிழ் எண்டு ஊருக்கே தெரியும். இஞ்ச ஏற்கெனவே நெருக்கடி. அந்தப் பக்கம் போ, மகள்."

மறுபடி கண்ணகை அக்கா. மறுபடி லூர்து மாமா. வரிசைகள் நீண்டுகொண்டே போயின.

கோயில் திருவிழாவில் பூத்தட்டு ஏந்தப் பிள்ளைகள் குறைந்தால், "ஜூலி எங்கட பிள்ளை" என்பார் கண்ணகை அக்கா. கலியாண வீட்டில் பைலா ஆட ஆள் குறைந்தால், "ஜூலி எங்கட பிள்ளை" என்பார் லூர்து மாமா. மண்ணெண்ணெய் என்றதும் ஜூலி யாருடைய பிள்ளையும் இல்லை. அவளுக்கு அழுகை வந்தது. அதைவிடக் கோபம் வந்தது.

நேரே உதயரூபனிடம் போனாள்.

"மாமா, அம்மா தமிழ், அப்பா பறங்கி. இந்தக் கானை ரெண்டா வெட்டி ரெண்டு வரிசையிலயும் வைக்கட்டா?"

"ஐயோ பிள்ளை, என்ட உசிர வாங்காத! எங்கயாவது நில்லு!"

"எங்கயாவதா?"

"ஓம், எங்கயாவது!"

ஜூலி தனியாக வேப்பமரத்தடியில் கானை வைத்தாள். கிழிந்த அட்டை ஒன்றில் கரியால் 'கலந்த ஆக்கள் வரிசை' என்று எழுதி மரத்தில் சாத்தினாள்.

உதயரூபன் தலையில் கை வைத்தார். ஆனால் சொன்னது அவர்தானே! "சரி, நாலு வரிசை," என்றார்.

முஸ்லிம் வரிசையின் கடைசியில் நின்ற அஸீமா அக்கா தயங்கித் தயங்கி வந்தார். "என்ட வாப்பா முஸ்லிம், அம்மா தமிழ். நானும் நிக்கட்டா?"

"வாங்க அக்கா!"

அப்போதுதான் மற்றவர்கள் கணக்குப் போட்டார்கள். வரிசைக்கு ஒருவர். அந்த வரிசையில் மொத்தமே இரண்டு பேர்! அங்கே நின்றால் உடனே முறை வந்துவிடும்!

முதலில் கண்ணகை அக்கா வந்தார். "மகள், என்ட அம்மாட அப்பாவும் பறங்கிதான். உனக்குச் சொல்லல்லையா?"

"எங்கட அப்பம்மா சுத்தத் தமிழ்!" என்று ஓடி வந்தார் லூர்து மாமா.

ஒருவருக்குச் சிங்கள மாமி, ஒருவருக்கு மலாய்க்காரப் பாட்டன். கானும் கையுமாகச் சனம் மரத்தடிக்கு வந்து குவிந்தது. பத்தே நிமிடத்தில் மூன்று வரிசைகளும் காலி.

"அங்கால போங்க!" என்று கத்த ஜூலிக்கு நாக்கு நுனிவரை வந்துவிட்டது. எல்லோருடைய கான்களையும் பார்த்தாள். ஒன்றிலும் ஒரு சொட்டு இல்லை. இவர்கள் வீட்டு அடுப்புகளும் எரியவில்லை.

கண்ணகை அக்கா கெஞ்சும் குரலில் கேட்டார். "நாங்க எங்க நிக்கிற, மகள்?"

ஜூலி இடுப்பில் கையை வைத்தாள்.

"எனக்குப் பின்னால!"