நீலக் கண்டென்சர்

பெட்டியில் செருகியிருந்த வயர்கள் எல்லாவற்றையும் பிடுங்கி மேசைமேல் போட்ட பிறகும் ஸ்பீக்கரிலிருந்து அந்த மூச்சு வந்துகொண்டிருந்தது.

மெக்கானிக் காதைச் சாய்த்துக் கேட்டான். மெல்ல உள்ளே இழுத்து, ஒரு கணம் தயங்கி, அடித்தொண்டையில் சளி உரச வெளியே விடுகிற மூச்சு. ஜன்னல் தகரத்தில் காலை மழை சொட்டிக்கொண்டிருந்தது. அறையெங்கும் ஈயம் உருகிய புகை வாசம். அதற்கடியில், இன்றுதான் முதல்முறையாக, வேறொரு வாசம். நெடுநாள் படுத்திருப்பவரின் தலையணை வாசம்.

தெருவில் எல்லோருக்கும் அவன் மெக்கானிக்தான். ஃபேன், இஸ்திரிப்பெட்டி, டிவி என்று எது வந்தாலும் பார்ப்பான். ஆனால் அவன் மனசு கிடந்ததெல்லாம் இந்த சிந்தசைசரில். ஒலியைப் பிறப்பிக்க ஒரு பெட்டி, அதை வடிகட்ட ஒரு பெட்டி, தாளம் பிடிக்க ஒரு பெட்டி என்று தனித்தனியாகச் செய்து, வயர்களால் கோத்து வாசிக்கிற கருவி. மூன்று வருட உழைப்பு. நான்கு சுரங்களை அதில் அமைத்து வைத்திருந்தான். அவை திரும்பத் திரும்ப ஒலிக்கும், தகர டப்பாவைத் தட்டுவது போல.

மின்பாகங்கள் விற்கும் கடைக்காரர் போன வாரம் சொன்னார்.

"மலிவுச் சரக்கப் போட்டுட்டு, சத்தம் சரியில்ல சரியில்லன்னா எப்படிப்பா? வடிகட்டுற பெட்டிக்கு நல்ல கண்டென்சர் போடு. இந்த நீலக் கலர். விலை அஞ்சு மடங்குதான், ஆனா சத்தம் சும்மா கொஞ்சும்."

"அஞ்சு மடங்கா? பேசாம என் கிட்னியக் கழட்டிக்கோங்கண்ணே."

"அதுவும் மலிவுச் சரக்காத்தான் இருக்கும். போ, போ."

மூன்று நாள் கழித்து அடுத்த வீட்டு அக்கா ஒரு மெஷினைத் தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு வந்தாள். அவள் கணவருக்கு ஆக்சிஜன் தருகிற மெஷின். அவர் தையல்காரர்; நாற்பது வருடம் பஞ்சுத் தூசியை இழுத்து நுரையீரல் போய்விட்டது. சுவிட்ச்தான் பழுது, ஐந்து நிமிட வேலை. ஆனால் மூடியைத் திறந்ததும் உள்ளே, கட்டைவிரல் நகமளவில், நீல நிறத்தில், அது இருந்தது.

கழற்றிக்கொண்டான். அந்த இடத்தில் ஒரு மலிவுக் கண்டென்சரைப் பற்றவைத்தான். மெஷின் ஓடியது. வித்தியாசம் எதுவும் தெரியவில்லை. "கூலியெல்லாம் வேண்டாம் அக்கா," என்றான். படுக்குமுன் தவறாமல் கடவுளைக் கும்பிடுகிறவன் அவன். கூலி வாங்காத புண்ணியத்தில் இந்தச் சின்னத் தப்பு கழிந்துவிடும் என்று மனசுக்குச் சொல்லிக்கொண்டான்.

அக்கா கண் கலங்கிவிட்டாள். மறுநாளே ஒரு துணியுறையைக் கொண்டுவந்து கொடுத்தாள், சிந்தசைசரை மூடி வைக்க. தையல்காரர் படுக்கையில் சாய்ந்தபடி கையாலேயே தைத்தது.

"அந்தப் புள்ளையோட பெட்டியில தூசி படக்கூடாதுன்னாரு, தம்பி. தூசி பண்ற கொடுமை அவருக்குத் தெரியுமே."

அந்த உறை இப்போது மேசை ஓரத்தில் மடித்துக் கிடந்தது. தையல், நூல் பிடித்தது போல நேராக ஓடி, கடைசி இரண்டு விரற்கடை மட்டும் கோணியிருந்தது. மூச்சு வாங்கிய இடம்.

நேற்று மாலைதான் நீலக் கண்டென்சரை மாட்டினான். மாட்டியதும் நான்கு சுரங்களும் மனிதத் தொண்டையிலிருந்து வருவது போல் குழைந்தன. வெகுநேரம் கேட்டுக்கொண்டே இருந்தான். இன்று காலை சுரங்கள் இல்லை. மூச்சு மட்டும்.

வடிகட்டும் பெட்டியின் குமிழை இடப்பக்கம் கொஞ்சம் திருகினான். மூச்சு திணறியது. அதே நேரம் சுவருக்கு அப்பால், தையல்காரரின் அறையில், கட்டில் கால் தரையில் தடதடவென்று உரசியது. பதறிப்போய்ப் பழைய இடத்துக்கே திருகினான். உரசல் நின்றது.

தற்செயலாக இருக்கும். இன்னொரு முறை திருகிப் பார்க்கத் துணிவு வரவில்லை.

சுவரில் மின்சாரத்துக்குச் செருகியிருந்த பிளக்கையும் பிடுங்கினான். பெட்டிகளின் சின்ன விளக்குகள் அணைந்தன. ஸ்பீக்கர் விளக்கு அணைந்தது.

மூச்சு அணையவில்லை.

திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். இப்போதே. அக்காவிடம் எல்லாவற்றையும் சொல்லி, காலில் விழுந்தாவது. பற்றவைக்கும் கம்பியைச் சூடேற்றினான். சூடான முனை பட்டதும் மூச்சு 'ஸ்' என்று உள்வாங்கியது, சுட்டுக்கொண்டவர் போல.

"மன்னிச்சிருங்க மாமா." தன்னை அறியாமல் சொன்னான்.

ஈயம் இளகியது. கண்டென்சர் கையோடு வந்தது.

நிசப்தம்.

உள்ளங்கையில் அது வெதுவெதுப்பாக இருந்தது. மூடிக்கொண்டு மழையில் ஓடினான்.

கதவைத் திறந்த அக்காவின் முகம் பூரித்திருந்தது.

"வா தம்பி, உனக்கு நூறு ஆயுசு. இப்பத்தான் நெனச்சேன்."

"அக்கா, அந்த மெஷின்ல நான் ஒரு..."

"மெஷினா? அத அணைச்சே வச்சுட்டேன். இனிமே அவருக்கு அது எதுக்கு? நேத்து சாயங்காலத்துலேருந்து இருமல் இல்ல, இழுப்பு இல்ல. நாலு வார்த்தை சேர்ந்தாப்புல பேச முடியாத மனுசன், விடிய விடியப் பாடிக்கிட்டே இருக்காரு. வந்து கேளு."

கையைப் பிடித்து உள்ளே இழுத்தாள்.

அதே தலையணை வாசம். மெஷின் மூலையில் அணைந்து கிடந்தது. கட்டிலில் தையல்காரர். வாய் பாதி திறந்திருந்தது. உதடு அசையவில்லை. நாக்கு அசையவில்லை. உள்ளேயிருந்து வந்தது பாட்டு.

நான்கு சுரங்கள்.

அவனுடைய நான்கு சுரங்கள்.

முடிந்ததும் முதலிலிருந்து. மறுபடி முதலிலிருந்து. நடுவில் ஒரு மூச்சுக்குக்கூட இடைவெளி இல்லை. மார்பு அசையவில்லை. போர்வை அசையவில்லை. கண்கள் மட்டும் நகர்ந்தன. அவனைப் பார்த்தன. பிறகு மூடியிருந்த அவன் கையை.

உள்ளங்கையில் கண்டென்சர் உப்பியது.

தாழ்ந்தது.

உப்பியது.

"எல்லாம் உன் கைராசி, தம்பி. கடவுள் உன்ன நல்லா வைப்பாரு." மூடியிருந்த அந்தக் கையை அக்கா தன் இரண்டு கைகளாலும் பொத்திக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

வேண்டாம் அக்கா என்று கையை உருவப் பார்த்தான்.

நன்றி தாங்காமல் அவள் இறுக்கினாள். கட்டிலில் அந்தக் கண்கள் அகலத் திறந்தன. பாட்டு நிற்கவில்லை.