பட்டாசும் லோஜனின் கையும்

பட்டாசு ஒரு நாய்க்குட்டி. வயது நான்கு மாதம். பழுப்பு நிறம். ஒரு காது நிமிர்ந்து நிற்கும், இன்னொன்று தொங்கும்.

அவிழ்த்துவிட்டால் போதும், தோட்டத் தொழிலாளர் வீடுகள் வரிசையாக நிற்கும் லயத்தின் வாசலைப் பத்து முறை சுற்றி ஓடும். கால் தெரிந்தால் கடிக்கும். காயப்போட்ட துணி தெரிந்தால் இழுக்கும். ஒருநாள் காலை வேலைக்குக் கிளம்பிய வீரய்யா தாத்தாவின் செருப்பில் ஒன்றைக் கவ்விக்கொண்டு தேயிலைக்குள் ஓடிவிட்டது. அவர் அன்று ஒற்றைச் செருப்போடுதான் வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்குப் போய் நின்றார். லயமே சிரித்தது.

எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தவள் ஜெயந்தினி. அவள் ஐந்தாம் வகுப்பு படிக்கிறாள். பட்டாசு அவளுடைய நாய். கையை அதன் வாயருகே ஆட்டி, "கடி பார்ப்போம், கடி பார்ப்போம்!" என்பாள். அது பாய்ந்து கவ்வும். அவளுக்குக் கூச்சமாக இருக்கும், சிரிப்பாள். அதுதான் அவர்களுடைய விளையாட்டு.

ஒரு சனிக்கிழமை பக்கத்து வீட்டு லோஜன் பிஸ்கட் சாப்பிட்டுக்கொண்டு வாசலுக்கு வந்தான். அவனுக்கு ஆறு வயது. பட்டாசைக் கண்டதும் பயந்து, பிஸ்கட்டை உயரத் தூக்கி ஆட்டினான். பட்டாசு பாய்ந்தது.

லோஜன் வீரிட்டான். விளையாட்டுதான் என்று நினைத்து ஜெயந்தினி முதலில் சிரித்துவிட்டாள். அப்புறம்தான் அவனுடைய உள்ளங்கையில் இரத்தத்தைப் பார்த்தாள்.

அவனுடைய அம்மா சுதர்ஷினி ஓடிவந்து, மலையிலிருந்து பீலியில் கொட்டும் தண்ணீரில் சவர்க்காரம் போட்டுக் கையை நெடுநேரம் கழுவினாள். பிறகு பஸ் ஏறி மஸ்கெலியா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். ஜெயந்தினியின் அம்மா ஜீவராணியும் பட்டாசுக்கு ஊசி போட்ட அட்டையை எடுத்துக்கொண்டு கூடவே போனாள். ஆனாலும் லோஜனுக்கு ஊசி போட வேண்டியிருந்தது. ஒன்றல்ல, மறுபடியும் மறுபடியும் வரச் சொன்னார்கள்.

திரும்பி வந்ததும் சுதர்ஷினி வாசலில் நின்று சொன்னாள்: "ஜீவராணி அக்கா, எம் புள்ள கத்துறப்போ உங்க புள்ள சிரிச்சிக்கிட்டு நின்னுச்சு. அத நான் மறக்க மாட்டேன்."

ஜெயந்தினிக்கு முகத்தில் அறைந்தது போல இருந்தது.

"இந்த மாசம் முடியுறதுக்குள்ள நாய யாருக்காச்சும் குடுத்துருவோம்," என்றாள் அம்மா.

"அம்மா, நான் அத மாத்திக் காட்டுறேன்."

"எப்படிடி மாத்துவ?"



வழி தேடி மறுநாள் ஜெயந்தினி கீழ் லயத்துக்குப் போனாள். பட்டாசின் அம்மாவும் மற்றக் குட்டிகளும் அங்கேதான் இருந்தன. குட்டிகள் ஒன்றையொன்று கடித்துப் புரண்டன. அவற்றில் ஒன்று கொஞ்சம் பலமாகக் கடித்துவிட்டது. கடிபட்டது 'கீச்' என்று கத்திவிட்டு, விளையாட்டை விட்டே போய்விட்டது. கடித்த குட்டி தனியாக நின்று முழித்தது.

'நான் ஒருநாளும் விட்டுட்டுப் போகலையே. சிரிச்சேன்ல,' என்று நினைத்துக்கொண்டாள் ஜெயந்தினி.

அன்றிலிருந்து பட்டாசு கடித்தால் அவள் சிரிக்கவில்லை, அடிக்கவும் இல்லை. எழுந்து, முதுகைத் திருப்பிக்கொண்டு பேசாமல் நின்றாள். அது பாவாடையை இழுத்தால் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். சற்று நேரம் கழித்து வந்து பழைய சாக்கில் முடிச்சுப் போட்டுக் கொடுத்தாள். அதைக் கடித்தபோது மட்டும், "கெட்டிக்காரன்!" என்றாள்.

இன்னொன்றும் அவளுக்குப் புரிந்தது. அம்மா கொழுந்து பறிக்க மலைக்கும் அவள் பள்ளிக்கும் போய்விட்டால் பட்டாசு பகல் முழுவதும் கட்டிக் கிடந்தது. ஓடாத ஓட்டமெல்லாம் அதன் கால்களில் சேர்ந்து கிடந்தது. அதனால் காலையிலும் மாலையிலும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு அதைத் தேயிலைச் சரிவில் ஓடவிட்டாள். அட்டைப்பூச்சி கடித்தது, மழையில் நனைந்தாள். இரண்டு முறை வழுக்கி விழுந்தாள். பட்டாசு ஒருமுறைகூட விழவில்லை.

முதல் வாரம் ஒன்றும் மாறவில்லை. அவளுடைய கைகளெல்லாம் கீறல். இரண்டாம் வாரம் பட்டாசு பாய்ந்து வந்து, கையைத் தொடும் முன் நின்றது. மாதக் கடைசியில் சாக்கு முடிச்சைத் தானே கவ்விக்கொண்டு வந்தது. வீரய்யா தாத்தா தைரியமாகச் செருப்பைக் கழற்றி வாசலில் விட்டார்.

அம்மா பார்த்துக்கொண்டேயிருந்தாள். "சரி, வச்சுக்க," என்றாள்.

ஜெயந்தினி குதித்தாள். ஆனால் அந்தச் சந்தோஷம் அடுத்த நாள் காலை வரைதான்.

கழிவறைக்குப் போக லோஜன் ஜெயந்தினி வீட்டு வாசலைத் தாண்ட வேண்டும். பட்டாசு கட்டித்தான் கிடந்தது. எழுந்திருக்கக்கூட இல்லை. ஆனாலும் லோஜன் தன் வீட்டுக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான். ஓர் அடி வைத்தான், பின்வாங்கினான். நின்றபடியே அவனுடைய காற்சட்டை நனைந்தது. யாராவது பார்த்தார்களா என்று திரும்பிப் பார்த்துவிட்டு உள்ளே ஓடினான்.

ஜெயந்தினி பார்த்திருந்தாள். அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

பள்ளியிலிருந்து வந்ததும் அம்மாவிடம் கேட்டாள்: "மேல மரக்கறித் தோட்டத்துப் பொன்னையா மாமா காவலுக்கு நாய் கேட்டாருல்ல?"

"நான்தான் வச்சுக்கன்னு சொல்லிட்டேனே!"

"பட்டாசு மாறிருச்சும்மா. லோஜனுக்குப் பயம் மாறலையே."

ஞாயிற்றுக்கிழமை பொன்னையா வந்தார். ஜெயந்தினி கயிற்றை அவர் கையில் கொடுத்தாள்.

"மாமா, கடிச்சா அடிக்காதீங்க. பேசாம திரும்பி நில்லுங்க. பகல்ல கட்டியே போடாதீங்க."

"எங்க தோட்டத்துல ஓட நெறைய எடம் இருக்கு புள்ள. வேலி அடிச்சிருக்கேன்."

பட்டாசு நாலடி போய்த் திரும்பிப் பார்த்தது. ஜெயந்தினி கூப்பிடவில்லை. கூப்பிட்டால் அது வந்துவிடும் என்று அவளுக்குத் தெரியும். பாதைத் திருப்பத்தில் அது மறையும்வரை உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

சுதர்ஷினி கதவருகில் நின்று எல்லாவற்றையும் பார்த்தாள். பிறகு உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் காலை ஜெயந்தினி பீலியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தாள். லோஜன் தனியாக வந்தான். கையில் ஒரு வாளி.

"அக்கா, பட்டாசு எங்க?"

"பொன்னையா மாமா தோட்டத்துக்குப் போயிருச்சு."

"இனி வராதா?"

"வராது."

லோஜன் யோசித்தான். "அது இப்பல்லாம் கடிக்கிறதில்லைன்னு எங்கம்மா சொன்னாங்களே. அப்புறம் ஏன் குடுத்தீங்க?"

ஜெயந்தினியின் கண் நிறைந்தது. பீலியில் முகத்தை நீட்டிக் கழுவிக்கொண்டாள். தண்ணீர் பனிக்கட்டியாகக் குளிர்ந்தது.

லோஜன் தன் வாளியை நிரப்பிவிட்டான். தூக்கப் பார்த்தான், முடியவில்லை. ஜெயந்தினி ஒரு பக்கம் பிடித்தாள். இருவருமாக வாளியைத் தூக்கிக்கொண்டு பட்டாசு கட்டிக் கிடந்த இடத்தையும் தாண்டி லயத்து வாசல் முழுவதையும் கடந்தார்கள். லோஜன் ஓர் இடத்திலும் நிற்கவில்லை.