எழுத்துப்பாறையில் படுத்துக் கிடந்தவர்கள்

"சோப்பு, பவுடர் போட்டவங்க இப்பவே சொல்லிப்போடுங்க! மேல போனப்புறம் சொன்னா ஒரு பிரயோசனமும் இல்ல!"

நஞ்சி இடுப்பில் கை வைத்துக்கொண்டு அதட்டினாள். ஒன்பதாம் வகுப்புப் பெண்தான். ஆனால் இன்று அவள்தான் படைத் தலைவி! எதிரே அவளுடைய வகுப்புத் தோழர்கள் பதினெட்டுப் பேரும், வரலாற்று ஆசிரியர் தேவசகாயமும் வரிசையாக நின்றார்கள்.

கோத்தகிரிச் சரிவில், நஞ்சியின் ஊரான கீழ்க்கோம்பைக்கு மேலே இருக்கிறது எழுத்துப்பாறை. இருளர் முன்னோர் தீட்டிய ஓவியங்கள் அதில் உண்டு. வெளியாள் யாரையும் அங்கே விட்டதில்லை. ஓவியங்களுக்கு நேர் மேலே, பாறை விளிம்பில், மலைத்தேனீ அடைகள் தொங்குவதுதான் காரணம். மொத்தம் ஏழு! இன்னும் பத்து நாளில் தேனெடுப்பு. வாசனை பட்டால் தேனீக்குக் கோபம் வரும். அதிகம் சீண்டினால் அடையை விட்டே பறந்துவிடும். அப்புறம் ஊருக்கு அந்த வருஷத் தேன் இல்லை.

பாடப் புத்தகத்தில் எல்லா ராஜாக்களும் இருக்கிறார்கள், தன் ஆட்கள் மட்டும் இல்லையே என்று நஞ்சிக்கு ஆறாம் வகுப்பிலிருந்தே வருத்தம். மூன்று வருஷம் கெஞ்சி, ஊர் மூப்பன் காடனிடம் அனுமதி வாங்கியிருந்தாள். "உன் பேச்ச நம்பித்தான் விடறேன். ஈ கலைஞ்சு போச்சுன்னா பாதைய முள்ளு வெச்சு அடைச்சுப்போடுவேன். அப்புறம் ஒருத்தரும் வரக்கூடாது" என்று அவர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

அதனால் நஞ்சி ஒவ்வொருவராக மோந்து பார்த்தாள். செல்வராணியின் தலையிலிருந்த பூ ஒரு கிளைக்குப் போனது. அஜ்மல் ஓடையில் இரண்டு முறை முகம் கழுவினான். "போலீஸ் நாய் தோத்துச்சு, போ!" என்று அவன் முணுமுணுத்தான். பதினெட்டுப் பேரையும் மோந்தாயிற்று. வாத்தியாரை யார் மோந்து பார்ப்பது? மரியாதை என்று ஒன்று இருக்கிறதே! நஞ்சி அவரைக் கும்பிட்டுவிட்டு முன்னால் நடந்தாள்.

ஏற்றமென்றால் அப்படியோர் ஏற்றம்! வேரைப் பிடித்து ஏறினார்கள். ஓடையைத் தாண்டினார்கள். வழியில் யானைச் சாணம் கிடந்தது. நஞ்சி குச்சியால் குத்திப் பார்த்து, "காஞ்சு போச்சு, வாங்க" என்றாள். அஜ்மல் அதற்குப் பிறகு அவளை விட்டு ஓர் அடிகூட விலகவில்லை.

திடீரென்று மரங்கள் விலகின. எழுத்துப்பாறை! கைகோத்து ஆடும் மனிதர்கள், கொம்பு மான்கள், வெள்ளை வெள்ளையாக! எல்லோரும் வாயைப் பொத்திக்கொண்டு குதித்தார்கள். நஞ்சிக்குப் பெருமை தாங்கவில்லை.

அப்போது மேலே கேட்டுக்கொண்டிருந்த ரீங்காரம் மாறியது. கருத்த அடைகள் மீது அலை அலையாக ஓர் அசைவு ஓடியது. ஒரு தேனீ இறங்கி வந்து தேவசகாயம் சாரின் நெற்றியைச் சுற்றியது. இன்னொன்று வந்தது. பிறகு பத்து!

"சார்! நெத்தியில என்னங்க சார்?"

"ஒண்ணுமில்லம்மா... பஸ்ல வளைவு வளைவா வந்ததுல தலை சுத்துச்சு. கொஞ்சூண்டு தைலம்..."

"ஐயோ, சார்!"

"ஓடுங்கடா!" என்று அஜ்மல் திரும்பினான். நஞ்சி அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "ஓடுனா துரத்தும்! எல்லாரும் படுங்க! கைய வீசாதீங்க!"

"புகை போட்டா ஓடிப் போயிடும்ல?" என்றான் அஜ்மல்.

"போயிடும். அதான் கூடாதுங்கறேன்!"

பாறைக்கடியில் நீர் கசிந்து சேறாகியிருந்தது. நஞ்சி ஊர்ந்து போய்ச் சேற்றை வாரி, ஆசிரியரின் நெற்றியில் அப்பு அப்பென்று அப்பினாள். அவள் கையில் மூன்று கொட்டுகள்! வலி உயிர் போனது. ஆனாலும் அவள் கையை உதறவில்லை. சாரின் காதில் இரண்டு விழுந்தன. பாவம், அவரும் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தார்.

"பாறைக்கடியில பொடவு இருக்குது. தவழ்ந்து உள்ள போங்க!"

ஒரு முழ உயரம்கூட இல்லாத இடுக்கு அது. இருபது பேரும் நெருக்கியடித்து, மல்லாந்து படுத்தார்கள். வெளியே தேனீக்களின் இரைச்சல். நஞ்சியின் கண்ணில் நீர் முட்டியது. பாதை போச்சு, ஊருக்குத் தேனும் போச்சு, எல்லாம் தன்னால்தான் என்று நினைத்தாள்.

"நஞ்சி... மேல பாரு" என்றாள் செல்வராணி மெல்ல.

மூக்குக்கு மேலே இருந்த பாறையில், வெளியே எங்கும் இல்லாத செம்மண் நிறத்தில் ஓர் ஓவியம்! நீளமான கொடியேணி. அதில் தொங்கும் ஒரு பெண், கையில் தேன்கூடை. சுற்றிலும் புள்ளி புள்ளியாக நூற்றுக்கணக்கில் தேனீக்கள். அடியில் வரிசையாகப் படுத்துக் கிடக்கும் மனிதர்கள்!

"இத... இத நான் பாத்ததே இல்ல! எங்க ஊர்ல யாருமே சொன்னதில்ல!"

கத்தவும் முடியாது, குதிக்கவும் முடியாது. இருபது பேரும் ஒருவர் கையை ஒருவர் நசுக்கிக்கொண்டார்கள்.

அரை மணி நேரத்தில் இரைச்சல் தணிந்தது. நஞ்சி தலையை நீட்டி எண்ணினாள். ஏழு அடைகளிலும் தேனீக்கள் கருகருவென்று மொய்த்திருந்தன. ஒன்றுகூடக் காலியாகவில்லை!

ஊருக்குள் இறங்கியதும் மூப்பன் காடன் எதிரே வந்தார். நஞ்சி வீங்கிய கையை ஒளிக்காமல் நீட்டினாள். "தப்பு நடந்து போச்சுங்க. எல்லாரையும் மோந்தேன், வாத்தியார விட்டுட்டேன்."

"பிள்ளை மேல குத்தமில்லீங்க. தைலம் பூசினத நான்தான் சொல்லாம விட்டுட்டேன்" என்றார் தேவசகாயம், சேறு காய்ந்த நெற்றியோடு.

"ஈ?"

"ஏழுலயும் உக்காந்திருச்சுங்க."

காடனின் முகம் இளகவில்லை. நஞ்சி அந்த ஓவியத்தைப் பற்றிச் சொன்னாள். ஏணி, பெண், கூடை என்று ஒன்றுவிடாமல் சொன்னாள்.

"அறுவது வருசமா அந்தப் பாறைக்குப் போறேன்" என்றார் காடன். "சுத்தபத்தமாவே போனேனா, ஈ ஒரு நாளும் எம்மேல வந்ததில்ல. அங்க படுக்க வேண்டிய அவசியமே வரலயே!"

தப்பு செய்யாமலிருப்பது நல்லதுதான். செய்த தப்பை மறைக்காமலிருந்தால் அதிலும் ஒரு புதையல் கிடைக்கும் போலிருக்கிறது.

காடன் தோள் துண்டை உதறிப் போட்டுக்கொண்டார். "பாதை அப்படியே இருக்கட்டும். நாளைக்கு விடியால என்னயக் கூட்டிட்டுப் போ, புள்ள. எங்க படுக்கோணும்னு காட்டு."